நல்லெண்ணெய்ப் போத்தலும் 100 மில்லிலீற்றரும்: முதல் விமானப் பயணத்துக்குக் குளியல் சாமான் கட்டும் முறை

நான் முதன்முதலாக விமானம் ஏறியபோது பறிகொடுத்தது ஒரு நல்லெண்ணெய்ப் போத்தல். 200 மில்லிலீற்றர் பிடிக்கிற பிளாஸ்ரிக் போத்தல். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத்தான் எண்ணெய் கிடந்தது. இடையில் விமானம் மாறிய இடத்தில் பையைச் சோதித்த பெண் அதைக் கையிலெடுத்துத் திருப்பி, அச்சிட்டிருந்த 200 என்ற இலக்கத்தை நகத்தால் தட்டிக் காட்டினார். கொஞ்சம்தானே இருக்கிறது என்று நான் விரலை வைத்து அளந்து காட்டினேன். அவர் மறுபடியும் அந்த இலக்கத்தையே தட்டினார். பிறகு போத்தல் பக்கத்திலிருந்த தொட்டிக்குள் விழுந்தது. எட்டிப் பார்த்தேன். தண்ணீர்ப் போத்தல்கள், பெரிய பற்பசை ரியூப்கள், மூடிகூடத் திறக்காத ஒரு சென்ற் போத்தல். எனக்கு முன்னால் போனவர்களும் என்னைப் போலத்தான் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு வீட்டிலும் அயலிலும் யார் வெளிக்கிட்டாலும் குளியல் சாமான் கட்டுகிற வேலை என் தலையில் விழுந்துவிட்டது. கனடாவுக்குப் போன மச்சாள், கண் வைத்தியத்துக்குச் சென்னை போன பெரியப்பா, லண்டனில் பேரப்பிள்ளை பார்க்கப் போன பக்கத்து வீட்டு அன்ரி என்று வரிசையாக. ஒவ்வொரு முறையும் கேள்விகள் ஒன்றுதான். செய்யவேண்டிய ஒழுங்கிலேயே விடைகளை எழுதுகிறேன்.

முதலில் பாயில் பரப்புங்கள்

புறப்பட நான்கைந்து நாள் இருக்கும்போதே, கொண்டுபோக நினைக்கிற எல்லாவற்றையும் ஒரு பாயில் கொட்டுங்கள். சவர்க்காரம், ஷாம்பூ, எண்ணெய், பற்பசை, பவுடர், கிறீம், சென்ற், வலிக்குப் பூசுகிற சித்தாலேப, கோடாலித் தைலம், றேசர், சீப்பு, சீயக்காய்த் தூள், திருநீறு, எல்லாம். பெட்டிக்குள் ஒவ்வொன்றாகச் செருகினால் எவ்வளவு சேர்ந்துவிட்டது என்பது கண்ணுக்குத் தெரியாது. பாயில் பரப்பினால் வெட்கமாக இருக்கும். அந்த வெட்கம் நல்லது.

மச்சாள் போனபோது மாமி பரப்பியதில் பன்னிரண்டு சவர்க்காரம் இருந்தது. "அங்க குளிர் நாடு, தோல் வெடிக்கும் பிள்ளை, எங்கட சவர்க்காரம்தான் ஒத்துக்கொள்ளும்" என்றார். ரொறன்ரோவில், அதுவும் ஸ்காபரோவில், தமிழ்க் கடைக்குள் போனால் ராணி சந்தனச் சவர்க்காரம் முதல் நல்லெண்ணெய் வரைக்கும் தட்டில் அடுக்கியிருக்கும் என்பதை மாமி நம்பவே இல்லை. கடைசியில் மூன்று கட்டி போனது. அவரவர் மனத்துக்கு இரண்டொன்று வைக்கத்தான் வேண்டும். அதை நான் தடுப்பதில்லை.

என்னுடைய கணக்கு இதுதான்: குளியல் சாமான் கட்டுவது பயணத்துக்கு. வீட்டுப் படலையைத் தாண்டியதிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் முதல் கடைக்குப் போகும் வரைக்கும் என்ன தேவை என்று எண்ணுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புப் பக்கம் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வான் வண்டியில் எட்டு மணித்தியாலம், அங்கே காத்திருப்பு, ஒரு பறப்பு, இடையில் மாறல், இன்னொரு பறப்பு. ஒன்றரை நாள் என்று வையுங்கள். பெட்டி பிந்தி வந்தால் இன்னும் இரண்டு நாள். அவ்வளவுக்கும் வேண்டியது ஒரு சின்னப் பைக்குள் அடங்கிவிடும். ஊர் மணத்துக்காகக் கொண்டுபோகிறவை, விமான நிலையத்தில் ஒப்படைத்து விமானத்தின் கீழே போகிற பெட்டிக்குள். மிச்சம் திரும்ப அலுமாரிக்குள்.

100 என்ற இலக்கம்

கைப்பையில் கொண்டுபோகிற எந்தத் திரவமும் 100 மில்லிலீற்றருக்கு மேற்படாத போத்தலில் இருக்கவேண்டும். போத்தலின் கொள்ளளவுதான் கணக்கு. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதை யாரும் பார்க்கமாட்டார்கள். என் நல்லெண்ணெய் போனது இதனால்தான். அரைவாசி முடிந்த 150 மில்லிலீற்றர் லோஷனும் அதே தொட்டிக்குத்தான் போகும்.

இந்த விதி 2006 ஆகஸ்ட் மாதம் லண்டனில் பிடிபட்ட ஒரு சதியிலிருந்து பிறந்தது. குளிர்பானப் போத்தல்களில் திரவ வெடிமருந்தைக் கொண்டுபோய் அத்திலாந்திக் கடலுக்கு மேலே விமானங்களைத் தகர்க்க ஒரு கூட்டம் திட்டமிட்டிருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் ஐரோப்பிய நாடுகள் 100 மில்லிலீற்றர் விதியைக் கொண்டுவந்தன. பிறகு அது உலகம் முழுவதும் பரவியது. பிரித்தானியாவில் எடின்பரோ போன்ற சில விமான நிலையங்களில் புதுவகை ஸ்கானர் பூட்டி 2 லீற்றர் வரைக்கும் விடத் தொடங்கியிருக்கிறார்கள். அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு இங்கேயிருந்து பெரிய போத்தலோடு வெளிக்கிடாதீர்கள். அது அங்கேயிருந்து புறப்படுகிறவர்களுக்கு. நீங்கள் தாண்டவேண்டிய சோதனைகளில் எது இறுக்கமோ அதற்கு ஏற்றபடி கட்டினால்தான் தப்பலாம்.

எதெது திரவம் என்பதில்தான் எங்கள் ஆட்களுக்குக் குழப்பம். ஊற்றக்கூடியது, பிதுக்கக்கூடியது, பூசக்கூடியது, பீய்ச்சக்கூடியது எல்லாமே திரவக் கணக்கு. ஆகவே பற்பசை திரவம். சித்தாலேப திரவம். வாசலின் திரவம். தலைக்குப் பூசும் ஜெல், முகக் கிறீம், சென்ற், றோல்-ஒன், கண்ணிமைக்குப் பூசும் மஸ்காரா, கை கழுவும் சனிரைசர், எல்லாம் அப்படியே. சவர்க்காரக் கட்டி, உதட்டுச்சாயக் குச்சி, ஈரத் துடைதாள் ஆகியவை அந்தக் கணக்கில் வராது.

தேங்காயெண்ணெய் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் அது உறைந்து வெள்ளைக் கட்டியாகிவிடும். பெரியப்பா இதை வைத்து ஒரு யோசனை சொன்னார்: "குளிர்சாதனப் பெட்டிக்குள்ள வச்சுக் கட்டியாக்கிப்போட்டுக் கொண்டுபோனா அது திரவமில்லைத்தானே?" நல்ல மூளை. ஆனால் விரலால் வழித்துப் பூசக்கூடியது எப்படி இருந்தாலும் திரவக் கணக்குத்தான். பலாலி விமான நிலையத்துக்குப் போய்ச் சேர முன்னரே அது உருகியும் விடும்.

பற்பசை ரியூபில் மில்லிலீற்றருக்குப் பதிலாகக் கிராம் போட்டிருக்கும். அங்கே நின்று அடர்த்திக் கணக்கு விளக்க முடியாது. 100க்கு மேலே ஒரு இலக்கம் கண்ணில் பட்டால் எடுத்துவிடுவார்கள். கடையில் இருப்பதிலேயே சின்ன ரியூபை வாங்குங்கள்.

ஒரு பை, ஒருவருக்கு ஒன்று

இந்தச் சின்னப் போத்தல்கள் எல்லாம் ஒரு லீற்றர் கொள்ளளவுள்ள, உள்ளே தெரியக்கூடிய, திரும்பத் திரும்பத் திறந்து மூடக்கூடிய ஒரு பைக்குள் அடங்கவேண்டும். ஏறத்தாழ 20 சென்ரிமீற்றருக்கு 20 சென்ரிமீற்றர். சுப்பர்மார்க்கெற்றில் மீன், இறைச்சி உறையவைக்க விற்கிற சிப் பொலித்தீன் பை போதும். சொப்பிங் பை சரிவராது, முடிச்சுப் போட்ட பொலித்தீனும் சரிவராது. பை வாய் முழுதாக மூடவேண்டும். பிதுங்கி நின்றால் எதையாவது எடுக்கச் சொல்வார்கள். எதை எடுப்பது என்று வரிசையில் நின்று யோசிக்கிற நிலைமை வேண்டாம்.

ஒரு ஆளுக்கு ஒரு பை. குடும்பமாகப் போனால் அம்மாவின் மருந்தெண்ணெயைப் பிள்ளையின் பைக்குள் வைக்கலாம். ஆனால் சோதனையின்போது அவரவர் பை அவரவர் கையில் இருக்கட்டும்.

இடத்தை மிச்சப்படுத்த எங்களிடம் ஒரு நல்ல வழி இருக்கிறது. குட்டி ஷாம்பூ பைக்கற் கிடைத்தால் அதுதான்.  ஒன்று ஒரு தரம் தோயப் போதும், முடிந்தால் எறிந்துவிடலாம். பயணத்துக்கென்றே விலைகூட்டி விற்கிற குட்டிப் போத்தல்களை விட இது எவ்வளவோ மேல். கிறீம் கொஞ்சம்தான் வேண்டுமென்றால் கண்ணுக்குப் போடும் லென்ஸ் வைக்கிற குட்டிச் சிமிழ் இருக்கிறதே, அதற்குள் விரல் நுனியளவு வழித்து வைத்தால் இரண்டு நாளுக்கு வரும். பழைய மருந்துக் குப்பிகளைக் கழுவிப் பாவிக்க ஆசை வரும். லேபலைக் கிழிக்காமல் விட்டு உள்ளே வேறொன்றை ஊற்றாதீர்கள். இருமல் மருந்துக் குப்பியில் நல்லெண்ணெய் ஏன் இருக்கிறது என்று இன்னொரு மொழியில் விளக்குவது சுகமான வேலையில்லை.

போத்தலை மூடுவதற்கும் ஒரு முறை உண்டு

நுவரெலியாவுக்குப் போனவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். இங்கேயிருந்து கொண்டுபோன முறுக்குப் பைக்கற் மலையில் ஏறியதும் ஊதிக்கொண்டு நிற்கும். விமானத்துக்குள்ளும் அதேதான். 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருக்கிற காற்றழுத்தத்தைத்தான் வைத்திருப்பார்கள். நுவரெலியா 6,100 அடிக்குச் சற்று மேலே. அந்த உயரத்தில், போத்தலுக்குள் அடைபட்ட காற்று ஏறத்தாழ நான்கிலொரு பங்கு பெருக்கப் பார்க்கும். போவதற்கு இடமில்லாவிட்டால் எண்ணெயைத் தள்ளிக்கொண்டு மூடிவழியே வெளியே வரும். குற்றவாளி எண்ணெயில்லை, மேலே நிற்கிற காற்றுத்தான்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். அமுக்கினால் நெளிகிற மெல்லிய பிளாஸ்ரிக் போத்தலை எடுங்கள். கழுவி, ஒரு பகல் முழுக்க வெயிலில் கவிழ்த்துக் காயவிடுங்கள். உள்ளே ஒரு துளி தண்ணீர் நின்றாலும் எண்ணெய் சிக்கு மணக்கும். முக்கால்வாசிக்கு எண்ணெயை ஊற்றுங்கள். இப்போது போத்தலின் வயிற்றை இரண்டு விரலால் மெல்ல அமுக்குங்கள். எண்ணெய் கழுத்துவரை ஏறி வரும். அமுக்கிய கையை விடாமலே, வாயின் மேல் சின்னத் துண்டுப் பொலித்தீனை வைத்து, அதன் மேல் மூடியைத் திருகுங்கள். விட்டதும் போத்தல் கொஞ்சம் ஒடுங்கினாற்போல நிற்கும். அந்த ஒடுக்கம்தான் மேலே போனதும் காற்று பெருக்கிற இடம். மூடியைச் சுற்றி ஒரு சுற்று ரேப். கண்ணாடிப் போத்தலில் இந்த வித்தை பலிக்காது, அதை வீட்டில் விட்டுவிடுங்கள்.

பிறகு ஒரு சோதனை. போத்தலைப் பழைய பத்திரிகைத் தாளின் மேல் படுக்கவைத்து, அதன் மேல் ஒரு பாரமான புத்தகத்தை வைத்துவிட்டுப் படுக்கப் போங்கள். காலையில் தாளைத் தூக்கி யன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். எண்ணெய் பட்ட இடம் கண்ணாடி மாதிரித் தெரியும், மறுபக்க எழுத்தே வாசிக்கலாம். ஒரு பொட்டுத் தெரிந்தாலும் அந்தப் போத்தல் வேண்டாம். மச்சாளுக்குக் கட்டியபோது மூன்று போத்தலில் ஒன்று இப்படித் தோற்றது. அதைக் கண்டுபிடித்திராவிட்டால் பெட்டிக்குள் பக்கத்திலிருந்த மிளகாய்த்தூளும் அவளுடைய கூறைச்சேலையும் என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கீழே போகிற பெட்டி

பெட்டியில் 100 மில்லிலீற்றர் விதி கிடையாது. ஆனால் எடை இருக்கிறது. ஒரு லீற்றர் எண்ணெய் போத்தலோடு சேர்த்து ஒரு கிலோவுக்குக் கிட்ட வரும். ரிக்கெற்றில் எத்தனை கிலோ என்று பார்த்துவிட்டுத் தீர்மானியுங்கள். எண்ணெய், ஷாம்பூ எல்லாம் இரட்டைப் பொலித்தீனில் கட்டி, பழைய துவாயொன்றால் சுற்றி, பெட்டியின் நடுவில், உடுப்புகளுக்கு இடையே. ஓரத்தில் வைத்தால் தூக்கி எறிகிற அடி நேரே போத்தலில் படும்.

பீய்ச்சுகிற ஸ்பிரே, சென்ற், நகப்பூச்சு போன்று தீப்பற்றக்கூடியவற்றுக்கு மட்டும் தனிக் கணக்கு. ஒன்று 500 மில்லிலீற்றருக்கு மேற்படக்கூடாது. ஒருவர் கொண்டுபோகிற மொத்தம் 2 லீற்றரை அல்லது 2 கிலோவைத் தாண்டக்கூடாது. ஸ்பிரே ரின்னுக்கு மேல்மூடி கட்டாயம். மூடி தொலைந்த ரின்னை அப்படியே விட்டுவிடுங்கள். பெட்டிக்குள் அமுங்கினால் உள்ளதெல்லாம் பீய்ச்சிவிடும்.

கற்பூரம் வைக்கவே வேண்டாம். சாமித்தட்டுச் சாமான் என்று எங்கள் ஆட்கள் சவர்க்காரத்தோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். அது எளிதில் தீப்பற்றும் திண்மம் என்ற பட்டியலில் இருக்கிறது. கையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. கொப்பராத் தேங்காயும் அப்படித்தான், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய வகை.

சவர அலகைத் தனியாகப் போடுகிற பழைய றேசர் என்றால் அலகு பெட்டிக்குள். கைப்பையில் கண்டால் எடுத்துவிடுவார்கள். அலகு பிளாஸ்ரிக்கோடு ஒட்டியிருக்கிற, பாவித்து எறிகிற றேசர் கைப்பையில் போகலாம். கத்தரிக்கோல், நகம் வெட்டி எதுவும் கையில் வேண்டாம். சிலவற்றை விடுவார்கள்தான், ஆனால் வாக்குவாதத்துக்கு அது பெறுமதியில்லை.

தாடி மழிக்கிற மின் ரிம்மர், மின் பற்தூரிகை ஆகியவற்றுக்குள் லித்தியம் பற்றரி இருக்கும். அவை கைப்பையில் போவதுதான் நல்லது. பெட்டிக்குள் வைத்தே ஆகவேண்டுமென்றால் முற்றாக நிறுத்தி, பொத்தான் அமுங்காதபடி கட்டுங்கள். தெரிந்த ஒரு தம்பியின் பெட்டி ஆட்கள் நிறைந்த வரிசையில் திடீரென்று உறுமத் தொடங்கியது. அவனுக்கு முன்னும் பின்னும் நின்றவர்கள் ஆளுக்கு நான்கடி விலகிவிட்டார்கள். உள்ளே ரிம்மர்.

தூள் வகை

அமெரிக்காவுக்குப் போகிற விமானங்களில் கைப்பைத் தூள் 350 மில்லிலீற்றருக்கு மேற்பட்டால் மேலதிகமாகச் சோதிப்பார்கள், தெளிவில்லாவிட்டால் எடுத்துவிடுவார்கள். ஒரு சோடா ரின்னளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவுஸ்திரேலியாவிலிருந்து புறப்படும்போதும் பவுடர், உப்பு போன்றவற்றுக்கு இதே அளவு. பெரிய பவுடர் ரின் பெட்டிக்குள். நல்லூரில் வாங்கிய திருநீறு ஒரு சின்னப் பொட்டலம் கையில் இருக்கலாம், அரைக் கிலோ வேண்டாம்.

அவுஸ்திரேலியாவுக்குப் போகிறவர்கள் சீயக்காய், வெந்தயம், அரப்பு, மூலிகைத் தூள் எதுவும் வைத்திருந்தால் இறங்கும்போது தருகிற அட்டையில் இருக்கிறது என்று குறியுங்கள். செடிகொடிச் சாமானில் அவர்கள் மிகக் கடுமை. சொல்லிக் காட்டினால் பார்த்துவிட்டுத் தருவார்கள், அல்லது எடுத்துக்கொள்வார்கள். சொல்லாமல் பிடிபட்டால் தண்டப்பணம்.

மருந்து

பயணத்தில் தேவையான மருந்து 100 மில்லிலீற்றருக்கு மேலே இருந்தாலும் கைப்பையில் கொண்டுபோகலாம், குழந்தைப் பாலும் அப்படியே. ஆனால் அவற்றைச் சிப் பைக்குள் ஒளிக்காமல் தனியாக எடுத்து முதலிலேயே காட்டவேண்டும். வைத்தியர் எழுதித் தந்த துண்டு ஆங்கிலத்தில், உங்கள் கடவுச்சீட்டில் உள்ள பெயரோடு இருக்கட்டும். மருந்து வாங்கிய பெட்டியோடு இருந்தால் இன்னும் நல்லது. குளிசைகளைப் பேப்பரில் சுற்றிப் பையின் மூலைகளில் செருகாதீர்கள்.

இன்சுலின் எப்போதும் கையில்தான். கீழ்ப்பெட்டி உறைகிற குளிருக்குப் போகக்கூடும், உறைந்த இன்சுலின் உதவாது. வளைகுடா நாடுகள் வழியாகப் போகிறவர்கள் கடுமையான வலிநிவாரணி, கொடேயின் கலந்த இருமல் மருந்து வைத்திருந்தால் அனுமதி வேண்டுமா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். நாட்டு வைத்தியர் தந்த தைலத்தை மருந்து என்று சொல்லி அளவுக்கு மேலே கொண்டுபோக முயலவேண்டாம். அது 100 கணக்குக்குள் வரட்டும்.

கைப்பைக்குள் என்ன

பற்தூரிகை, குட்டிப் பற்பசை, சீப்பு, பாதியாக வெட்டிய சவர்க்காரம், இரண்டு ஷாம்பூ பைக்கற், ஒரு மெல்லிய துவாய், ஈரத் துடைதாள், ஒரு சோடி உள்ளாடை, ஒரு சட்டை. பெண்பிள்ளைகள் நாள் கணக்குப் பார்க்காமல் பாட் இரண்டு மூன்று வைத்துக்கொள்ளுங்கள். விமானத்துக்குள் காற்று எங்கள் சித்திரை வெயிலை விடக் காய்ந்தது, ஈரப்பதன் 20 வீதத்துக்கும் கீழே போகும். உதடும் மூக்கும் எரியத் தொடங்கும். குட்டி வாசலினும் ஒரு சின்ன லோஷனும் அதற்குத்தான். சவர்க்காரத்தைப் பாவித்த பிறகு ஈரத்தோடு பைக்குள் போடாமல் துடைத்துவிட்டுச் சிமிழில் வையுங்கள்.

யாரும் வாய்விட்டுக் கேட்காத, ஆனால் எல்லோரும் நினைக்கிற ஒரு விசயம் இருக்கிறது. விமானத்தின் கழிவறையில் கழுவக் குழாய் இருக்காது, பேப்பர்தான். பல நாட்டு விமான நிலையங்களிலும் அதே கதை. அரை லீற்றர் பிடிக்கிற வெற்றுப் போத்தல் ஒன்றைக் கைப்பையில் வையுங்கள். வெறுமையாக இருந்தால் எந்தச் சோதனையிலும் பிரச்சினையில்லை. உள்ளே போன பிறகு கை கழுவுகிற குழாயில் நிரப்பிக்கொள்ளலாம். குடிக்கிற போத்தல் வேறாக இருக்கட்டும், மூடிக்கு நிற நூல் கட்டி அடையாளம் வையுங்கள். லண்டனுக்குப் போன அன்ரி போய்ச் சேர்ந்ததும் தொலைபேசியில் என்னிடம் முதலில் சொன்ன நன்றி இந்தப் போத்தலுக்குத்தான். பேரப்பிள்ளை பற்றிப் பிறகுதான் பேசினார்.

சோதனை வரிசையில்

சிப் பை கைப்பையின் மேல்வாயில் இருக்கட்டும். எடுத்துத் தட்டில் வைக்கச் சொன்னால் வைக்கலாம். அடியில் புதைத்துவிட்டு அங்கே நின்று உடுப்பெல்லாம் வெளியே எடுக்காதீர்கள். தண்ணீர்ப் போத்தலை வரிசைக்கு முன்னரே குடித்து முடியுங்கள்.

பலாலியிலிருந்து போகிறவர்களுக்கு ஒன்று. 2019 ஒக்ரோபரில் திறந்த யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையத்திலிருந்து சென்னைக்குப் பறப்பது ஏ.ரி.ஆர். 72 என்ற சிறிய விசிறி விமானம். தலைக்கு மேலுள்ள தட்டும் சிறிது. கொழும்பிலிருந்து பெரிய விமானத்தில் போனவர் தந்த கைப்பெட்டி இதற்குள் ஏறாமல் போகலாம். அப்போது அதைக் கீழே வாங்கிக்கொள்வார்கள். மருந்து, சிப் பை, ஒரு சோடி உடுப்பு ஆகியவை அந்தக் கைப்பெட்டிக்குள்ளே இருந்தும் உடனே கழற்றி எடுக்கக்கூடிய ஒரு துணிப்பையில் இருந்தால் பதறத் தேவையில்லை.

சென்னையில் மாறி அப்பால் போகிறவர்களுக்கு அங்கே மறுபடியும் சோதனை உண்டு. டோகா, துபாய், சிங்கப்பூர் எங்கே மாறினாலும் அப்படித்தான். வழியில் தீர்வையற்ற கடையில் சென்ற் அல்லது லோஷன் வாங்கினால், அவர்கள் சிவப்பு விளிம்புள்ள பையில் போட்டு ஒட்டி, பற்றுச்சீட்டையும் உள்ளே வைத்துத் தருவார்கள். கடைசி இடம் சேரும்வரை அதைப் பிரிக்கவே கூடாது. மணந்து பார்க்க ஆசைப்பட்டுப் பிரித்தால், அடுத்த சோதனையில் அது வெறும் 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட போத்தல்.

திரும்பி வரும்போது

போகும்போது கவனமாகக் கட்டுகிறவர்கள் வரும்போது கோட்டைவிடுவார்கள். சொந்தக்காரருக்கு வாங்கிய ஷாம்பூ, லோஷன், சென்ற் எல்லாம் கடைசி நாள் கைப்பைக்குள் ஏறும். பெட்டி நிறைந்துவிட்டது, எடை கூடிவிட்டது, வேறு வழியில்லை என்பார்கள். 400 மில்லிலீற்றர் லோஷன் ஆறு போத்தலைப் பெரியப்பா சென்னையில் கைப்பைக்குள் வைத்தபோது நான் தொலைபேசியில் இருந்தேன். "எடுத்துப் பெட்டிக்குள்ள வையுங்கோ பெரியப்பா, பெட்டிக்குள்ள இருக்கிற சேலைப் பெட்டிகளின்ர அட்டையைக் கழற்றி எறியுங்கோ, இடம் வரும்" என்றேன். ஆறில் ஐந்து அடங்கியது. ஆறாவதை அங்கேயே விடுதி அறை துப்புரவாக்கிய அக்காவுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். பலாலியில் பெட்டி வந்ததும் அங்கேயே திறந்து விரலால் தடவிப் பார்த்தாராம். ஒரு மூடியும் கசியவில்லை.